வலப்பக்கம் திரும்பினால் மட்டும் வரும் சத்தம்

நாளைக்கோ மறுநாளோ சர்வீஸ் ஸ்டேஷன் வேலைக்கு வந்திருக்கும் உங்களில் ஒருவர், வண்டியின் குறையைக் குறிக்கும் ஜாப் கார்டில் "ஓட்டிப் பார்த்தோம், சத்தம் இல்லை" என்று எழுதப்போகிறார். எழுதாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. முப்பத்தொரு வருடத்தில் நானே அதை ஆயிரக்கணக்கான தடவை எழுதியிருப்பேன். ஆனால் பேனாவைத் திறக்கும் முன் நான் சொல்வதைக் கொஞ்சம் கேட்டுவிடுங்கள். ஓய்வு பெற்று இரண்டு வருடம் ஆகிறது. இன்னும் இதைச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் குரல் தானாக ஏறிவிடும். வீட்டில் "ஆரம்பிச்சிட்டாருப்பா" என்று டிவியை அணைத்துவிடுவார்கள்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்குக் கொஞ்சம் தள்ளி இருந்த ஒரு கார் சர்வீஸ் ஸ்டேஷனில் நான் சூப்பர்வைசர். வண்டியோடு வருகிறவர்களிடம் குறை கேட்டு எழுதுவதும், வேலை முடிந்ததும் சரி என்று கையெழுத்துப் போடுவதும் என் வேலை. அங்கே எனக்கு ஸ்டெதாஸ்கோப் என்று பட்டப்பெயர். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே எந்தச் சக்கரத்தில் என்ன கோளாறு என்று காதாலேயே சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். தப்பாகப் போன இரண்டை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள மாட்டார்கள், நானும்தான்.

ஒரு திங்கட்கிழமை அந்த டீச்சர் வந்தார். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி. உப்பிலியபுரம் பக்கம் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. ஐம்பது வயதிருக்கும். தானே வண்டி ஓட்டுவார். கோயிலைச் சுற்றி வீதிக்கொருவராகக் குடியிருக்கும் மூன்று டீச்சர்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு நாலு பேராகப் பள்ளிக்குப் போய் வருவார்கள்.

"ஸார், திரும்பறச்சே முன்பக்கம் டொக்குனு ஒரு சத்தம். தெனமும் இல்ல. ஆனா வரது" என்றார்.

எங்களுக்கு ஓட்டிப் பார்க்க ஒரு வழக்கமான சுற்று உண்டு. கேட்டை விட்டு இடப்பக்கம், அடுத்த முக்கில் இடம், மறுபடி இடம், மறுபடி இடம். திரும்பக் கேட்டுக்கே வந்துவிடலாம். வலப்பக்கம் திரும்பினால் எதிரே வரும் பஸ்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நிற்க வேண்டும், அந்த நேரத்தில் இன்னொரு வண்டியை முடித்துவிடலாம். செல்வம் என்று எங்கள் மூத்த மெக்கானிக், ஊதினால் பறக்கிற உடம்பு, அவர்தான் ஓட்டிப் பார்த்தார். சத்தம் இல்லை. வண்டியைத் தூக்கி அடியில் பார்க்கிற லிஃப்டில் ஏற்றினோம். நானும் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தேன். எல்லாம் சேறும் புழுதியுமாக, எல்லா வண்டியும் போலத்தான் இருந்தது. "சத்தம் இல்லை" என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

வியாழக்கிழமை மதியம் மறுபடி வந்தார். கையில் ஒரு நோட்டுத் தாள். பரிசோதனைக் குறிப்பு எழுதுகிற மாதிரி கோடு போட்டு, நேரம், இடம், எத்தனை சத்தம் என்று மூன்று நாளுக்கும் குறித்திருந்தார். மேலச் சித்திரை வீதி மூலை, ஒன்று. வடக்குச் சித்திரை வீதி மூலை, ஒன்று. கீழச் சித்திரை வீதி மூலை, இரண்டு. படிக்கப் படிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் இத்தனை சாலை இருக்க, இவருக்குக் கோயிலைச் சுற்றினால்தான் சத்தம் கேட்கிறதாம்!

சிரிப்போடு விட்டிருக்கலாம். எனக்கு அப்போது வாய் கொஞ்சம் நீளம். நாலு பேர் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"டீச்சர், வண்டி நல்லாத்தான் இருக்கு. காதைத்தான் ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிப் பாருங்க."

பின்னால் ஸ்பேனரோடு நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. இப்போது சொல்லும்போதும் வெட்கமாக இருக்கிறது.

டீச்சர் முகம் சிவந்துவிட்டது. ஆனால் குரல் ஏறவில்லை.

"காது நன்னாத்தான் இருக்கு, ஸார். நாப்பது பசங்க இருக்கற க்ளாஸ்ல கடைசி பெஞ்சுல பேனா விழுந்தா யார் பேனான்னு சொல்லுவேன். ஆத்துக்காரர் ப்ரமைங்கறார். கூட வரவாள்ளாம், இவளுக்கு எங்களை ஏத்திண்டு போக இஷ்டமில்ல, அதான் சாக்கு சொல்றாங்கறா. இப்போ நீங்களும் சொல்லியாச்சு. சரி. ஒண்ணு பண்ணுங்கோ. நாளைக்குப் பப்ளிக் பரீட்சை ஆரம்பம், நாலு பேருக்கும் ட்யூட்டி. துறையூர் ரோட்ல எண்பதுல போவேன். என் பக்கத்து சீட்டுல உக்கார்றவளுக்கு ஏழு மாசம். வண்டி பத்திரம்னு எழுதி, உங்க பேரைப் போட்டு, கையெழுத்துப் போட்டுக் குடுங்கோ. இனிமே இந்தச் சத்தத்தைப் பத்தி நான் வாயே தொறக்க மாட்டேன்."

இதென்ன பெரிய விஷயம் என்று ஒரு வெள்ளைத் தாளை இழுத்தேன். "இந்த வண்டி பயணத்துக்குப் பாதுகாப்பானது" என்று எழுதியும்விட்டேன். கையெழுத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனேன். கை போகவில்லை.

மூன்று நாளைக்கு முன் "சத்தம் இல்லை" என்று எழுதியவன் நான்தான். அதற்குக் கொஞ்சமும் யோசிக்கவில்லை. ஆனால் "சத்தம் இல்லை" என்பது வேறு, "பாதுகாப்பானது" என்பது வேறு என்று அப்போதுதான் உறைத்தது. முதலாவது எனக்குத் தெரிந்தது. இரண்டாவது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு என் பேரைப் போட்டு ஏழு மாதக் கர்ப்பிணியை முன் சீட்டில் உட்காரவைக்கப் பார்க்கிறேன். செல்வம் எதிரே நின்று "போட்டுக் குடுங்க சார், அடுத்த வண்டி நிக்குது" என்கிறார். பேனாவை மூடிவிட்டேன்.

"டீச்சர், வண்டிய எடுங்க. நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். உங்களுக்குச் சத்தம் கேக்குற எடத்துக்கே போவோம்."

கையெழுத்தில்லாத அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

காவிரிப் பாலம் தாண்டினோம், சத்தம் இல்லை. அம்மா மண்டபம் சாலை, சத்தம் இல்லை. ராஜகோபுரம் வழியாக உள்ளே போய்த் தெற்குச் சித்திரை வீதியில் திரும்பினோம், அப்போதும் இல்லை. எனக்கு உள்ளுக்குள் பழைய மிதப்பு தலைதூக்க ஆரம்பித்தது. மேலச் சித்திரை வீதி மூலையில் டீச்சர் வலப்பக்கம் வளைத்தார்.

டொக்!

காதால் கேட்டேனா காலால் கேட்டேனா தெரியாது. என் இடது பாதத்துக்குக் கீழே சுத்தியலால் ஒரே ஒரு தட்டு.

டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கேட்டுச்சு டீச்சர்! கேட்டுச்சு! அடுத்த மூலைக்குப் போங்க!"

வடக்குச் சித்திரை வீதி மூலை. டொக்! இந்தத் தடவை இன்னும் பலமாக. சீட்டிலிருந்து எழுந்து உட்கார்ந்தேன். அத்தனை வருட அனுபவத்தில் இந்த மாதிரி ஒரு குஷி எனக்கு வந்ததில்லை, சின்னப் பையன் மாதிரி டாஷ்போர்டைத் தட்டினேன்.

"டீச்சர், வண்டிய அப்படியே திருப்பி எதிர்ப்பக்கமா ஒரு சுத்து போங்க. இடது பக்கம் திரும்பினா வருதான்னு பாத்துருவோம்."

"எதிர்ப்பக்கமாவா? அப்ரதக்ஷிணமாவா?" வண்டியையே நிறுத்திவிட்டார். "மாட்டேன் ஸார். பொறந்ததுலேர்ந்து பெருமாளை நான் அப்படிச் சுத்தினதே கிடையாது. காலாலயும் சரி, கார்லயும் சரி."

அவ்வளவுதான், எனக்கு மண்டையில் விளக்கு எரிந்தது. பிரதட்சணம் என்றால் கோயில் எப்போதும் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு மூலையிலும் வலப்பக்கம்தான் திரும்ப வேண்டும். இவர் தினமும் வீதி வீதியாகத் தோழிகளை ஏற்றிக்கொண்டு வலப்பக்கமாகவே சுற்றுகிறார். நாங்களோ பஸ்ஸுக்குப் பயந்து இடப்பக்கமாகவே சுற்றுகிறோம். வண்டி வலப்பக்கம் திரும்பினால் பாரமெல்லாம் இடப்பக்கச் சக்கரத்தில் இறங்கும். அவர் வண்டியில் அந்தப் பக்கம் ஆள் உட்கார்ந்திருக்கும். எங்கள் செல்வம் தனி ஆள், அதிலும் பஞ்சு. இன்று அதே சீட்டில் தொண்ணூறு கிலோவுக்கு மேல் நான் உட்கார்ந்திருக்கிறேன். சத்தம் வந்த இடத்தையெல்லாம் டீச்சர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த இடங்களுக்குள் என்ன ஒற்றுமை என்று ஸ்டெதாஸ்கோப் ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

இறங்கினேன். தெருவிலேயே, யாரோ போட்டிருந்த கோலத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சட்டையோடு மல்லாந்து படுத்து, இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டேன். திங்கட்கிழமை நான் எட்டிப் பார்த்தேன், தொட்டுப் பார்க்கவில்லை. இப்போது தொட்டேன். டயரின் உள்பக்கச் சுவரில் விரல் அகலத்துக்கு வழவழவென்று ஒரு பள்ளம் ஓடியது. அதற்கு நேர் மேலே விரலில் சுருக்கென்று ஏதோ ஏறியது. கையை வெளியே எடுத்தால் ரத்தம்.

வண்டியின் எடையைத் தாங்குகிற சுருள் ஸ்பிரிங், அதன் கடைசிச் சுற்றில் முறிந்திருந்தது. லிஃப்டில் ஏற்றும்போது சக்கரம் தொங்கும், ஸ்பிரிங் மேல் பாரம் இருக்காது. முறிந்த துண்டு, ஸ்பிரிங்கின் அடியைத் தாங்கும் கிண்ணத்துக்குள் நல்ல பிள்ளையாக உட்கார்ந்துகொள்ளும், மேலே சேறு வேறு பூசியிருக்கும். தரையில் நின்று பாரம் ஏறினால் கிண்ணத்தைத் தாண்டி வெளியே நழுவி, கத்தி மாதிரி டயரைத் தொடும். பல நாளாக அது டயரை அறுத்துக்கொண்டிருக்கிறது. ரப்பருக்குள் பின்னியிருக்கும் நூல் கைக்குத் தட்டுப்படுகிற அளவுக்கு அறுத்துவிட்டது.

செல்வத்துக்கு போன் போட்டேன். "ஸ்பிரிங் ஒடஞ்சிருக்குய்யா! டயரை அறுத்திருக்கு! வண்டிய ஏத்திட்டுப் போற லாரிய அனுப்பு."

"ஐயையோ" என்றார் செல்வம். ஒரு நொடி கழித்து, "சார், லாரி வர ஒரு மணி நேரம் ஆகும். இவ்ளோ தூரம் வந்துருச்சுல்ல, மெதுவா ஓட்டிட்டு வந்துருங்க. பாலம் தாண்டினா நம்ம எடம்."

நல்ல மனுஷர், உதவியாகத்தான் சொன்னார். மற்ற வண்டிக்காரர்களிடம் இதே வார்த்தையை நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் கை அப்போதுதான் அந்த நூலைத் தொட்டிருந்தது. லாரிதான் வேண்டும் என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

வைத்த கையோடு, தோளில் துண்டு போட்ட ஒருவர் ஓடி வந்தார்.

"யாரு வண்டி இது? நடுவுல நிக்குது! எடுங்க எடுங்க, பெருமாள் புறப்பட்டாச்சு!"

அப்போதுதான் கவனித்தேன். வீதி முழுக்கத் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். தூரத்தில் நாதஸ்வரம் கேட்டது. புறப்பாடு இந்த வீதி வழியாகத்தான் வருகிறது. நாங்களோ நட்டநடு வீதியில் காரை நிறுத்தி வைத்திருக்கிறோம்.

ஐந்து நிமிடத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். ஆளாளுக்கு யோசனை. "ஸ்டார்ட் பண்ணி மூலை வரைக்கும் எடுத்துருங்க சார்." "வந்த வண்டிதானே, போகாதா?" "பெருமாள் வர்ற வழில வண்டிய நிறுத்திட்டு என்ன சார் வியாக்கியானம்?" டீச்சருக்கு அது சொந்த வீதி. பார்க்கிறவர்கள் எல்லாரும் தெரிந்தவர்கள். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. சாவியில் கை வைத்தபடி என்னைக் கேட்டார்.

"நீங்க சொல்லுங்கோ ஸார். எடுத்துடட்டுமா?"

இந்த இடத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். இது மாதிரி ஒரு நிமிடம் உங்கள் எல்லாருக்கும் வரும். கூட்டம் அவசரப்படுத்தும், அவசரத்துக்கு நியாயமும் இருக்கும், பத்தில் ஒன்பது தடவை எடுத்துவிட்டால் ஒன்றும் ஆகாது. எனக்கும் நாக்கு நுனிவரை "எடுங்க" என்று வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, எனக்கே தெரியாத ஒரு குரலில் கத்தினேன்.

"இன்ஜினைப் போடக் கூடாது! தள்ளுவோம்! எட்டுப் பேர் கை குடுங்க!"

துண்டு போட்டவர் கோபமாக இருந்தவர்தான். ஆனால் முதல் கை அவருடையது. எதிர் வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைச் சாக்கடைப் பக்கம் ஒதுக்கிவிட்டு, வாசலைத் திறந்துவிட்டார். டீச்சர் சாவியைத் திருப்பி ஸ்டீயரிங்கை மட்டும் விடுவித்துக்கொண்டு உட்கார, நாங்கள் நடக்கிற வேகத்தில் தள்ளினோம். வாசலுக்கு முன்னால் சாக்கடை மேல் ஒரு கல் பலகை. இடது முன்சக்கரம் அதில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கியது.

டமார்!

முப்பது பேரும் சிதறினார்கள். "வேட்டு போட்டாச்சு, பெருமாள் வந்துட்டார்!" என்று எந்த வாசலிலிருந்தோ ஒரு குரல். வேட்டு இல்லை. டயர் வெடித்து வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. உள்ளே டீச்சர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார். அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. நடக்கிற வேகம், அதனால் பிழைத்தோம். பாலத்தின் மேல் என்றால்? நாளைக் காலை துறையூர் ரோட்டில், எண்பதில், நாலு பேரோடு என்றால்? என்னை ஸ்கூட்டர்க்காரர் பிடித்து உட்காரவைத்தார்.

பெருமாள் வந்தார், போனார். டீச்சர் கைகூப்பியபடி அழுதுகொண்டே சேவித்தார். நான் கை நிறையக் கரியும் ரத்தமுமாக, கூப்பவும் முடியாமல் நின்றேன். கூட்டம் கலைந்ததும் அவரிடம் போனேன்.

"டீச்சர், காதைக் காட்டுங்கன்னு சொன்னேன். எல்லார் முன்னாடியும் சொன்னேன். மன்னிச்சிருங்க."

"அதை விடுங்கோ. மொதல்ல கையைக் காட்டுங்கோ" என்று தன் கைக்குட்டையை எடுத்துக் கட்டிவிட்டார். "ப்ரமை இல்லைனு ஆயிடுத்தே ஸார், அது போறும்." அதைச் சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

மறுநாள் நாலு பேரும் சத்திரத்திலிருந்து பஸ்ஸில் போனார்கள். அன்றே நான் சர்வீஸ் ஸ்டேஷன் ஆட்கள் எல்லாரையும் கூட்டி, முந்தின நாள் அவர்கள் சிரித்த அதே இடத்தில் நின்று, என் தப்பை நானே சொன்னேன். அன்றிலிருந்து எங்கள் சுற்று மாறியது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. பஸ் வந்தால் வரட்டும், நின்று போவோம். செல்வம் அதற்குப் பிரதட்சணம் என்று பேர் வைத்துவிட்டார். "வண்டிக்குப் பிரதட்சணம் ஆச்சா?" என்று கேட்டால்தான் அங்கே சாவி கைமாறும். ஒருவர் சத்தம் என்று மறுதடவை வந்தால் அவரையே ஓட்டச் சொல்லி, அவருடைய சாலையில், அவர் ஏற்றுகிற பாரத்தோடு போய்ப் பார்ப்பது என்றும் வைத்துக்கொண்டோம். பக்கத்து சீட்டுக்குப் பெரும்பாலும் என்னைத்தான் அனுப்பினார்கள். காரணம் காது இல்லை, எடை.

அடுத்த புதன்கிழமை வண்டி தயாரானது. முன்பக்கம் இரண்டு ஸ்பிரிங்கும் புதிது, டயரும் புதிது. எங்கள் சுற்றில் இரண்டு பக்கமும் ஓட்டிப் பார்த்தாகிவிட்டது. டீச்சர் வந்தார். சாவியைக் கொடுத்துவிட்டு நானும் ஏறிக்கொண்டேன், அதே சீட்டு. தெற்குச் சித்திரை வீதியிலிருந்து ஆரம்பித்தோம். மேல மூலை, வடக்கு மூலை, கீழ மூலை. நாலாவது மூலையும் திரும்பியதும் டீச்சர் ஓரமாக நிறுத்தினார்.

"சொல்லுங்கோ ஸார். சத்தம் இருக்கா?"

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சொல்லியிருக்கலாம்.

"நீங்க சொல்லுங்க டீச்சர். உங்களுக்குக் கேக்குதா?"

அவர் மறுபடி வண்டியை எடுத்து, இன்னொரு முழுச் சுற்றுச் சுற்றினார். ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஒவ்வொரு மூலையிலும் தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்டுக்கொண்டார். கடைசி மூலை தாண்டியதும் சொன்னார்.

"இல்ல ஸார். கேக்கல."

சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். ஆறு நாளாக மடிப்பில் அழுக்கேறியிருந்தது. டாஷ்போர்டின் மேல் வைத்து நீவிவிட்டு, அப்போதுதான் கையெழுத்துப் போட்டேன்.